ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 17.9, டியூபில் முதற்பால்: கொழுப்பு கூடினால் செங்குழியத்துக்கு என்ன நடக்கும்?

உப்புவெளிக் காற்று

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

என் மாமனாருக்கு 61 வயது. ஏழெட்டு வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக் கொப்பி அலுமாரியில் பத்திரமாக இருக்கும், ஆள்தான் கிளினிக்குப் போகமாட்டார். போன கிழமை ஒருமாதிரி இழுத்துப் பிடித்து டவுனில் உள்ள ஒரு லேப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் வயிறு என்று சொல்லித்தான் போனோம், முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு மனிசன் கொத்துரொட்டி சாப்பிட்ட கதை அங்கே போன பிறகுதான் வெளியே வந்தது.

இரத்தம் எடுத்து அரைமணி நேரம் இருக்கும், உள்ளே இருந்த பிள்ளை என்னைக் கூப்பிட்டு டியூபைக் காட்டியது. அடியில் சிவப்பு படிந்திருக்கிறது, மேலே தெளிந்த மஞ்சளாக இருக்கவேண்டிய இடத்தில் தேங்காய்ப் பூவை முதல் தரம் பிழிந்த பால் மாதிரி வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. "கொழுப்புக் கூடினதால கலங்கள் உடைஞ்சிருக்கும், திரும்ப வாங்கோ" என்றது பிள்ளை. ஆனால் பின்னேரம் ரிப்போர்ட்டைத் தந்துவிட்டார்கள். ட்ரைகிளிசரைட் 1180, மொத்தக் கொலஸ்ட்ரோல் 292, ஹீமோகுளோபின் 17.9, பி.சி.வி. 45, எம்.சி.எச்.சி. 39.8.

மாமாவுக்குக் கொழுப்பைப் பற்றிக் கவலையே இல்லை. 17.9 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இரத்தம் பெடியன்மாருக்கு இருக்கிறதைவிடக் கூட" என்று கோட்டை வாசலில் மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுக்கிற ஆட்கள் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். அவள் கேட்டதுதான் உண்மையான கேள்வி: "அப்பா, கலமென்சவ்வே இலிப்பிட்டாலதானே ஆனது, இரத்தத்தில இலிப்பிட்டுக் கூடினால் அது சவ்விலயும் போய்ச் சேருமா? சேர்ந்தால் கலம் உடையுமா?" எனக்குத் தெரியவில்லை. நான் வங்கிக்காரன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுணுக்குக்காட்டி

தம்பி, 26 வருடம் லேப்பில் நின்று ஓய்வு பெற்றவன் நான். முதலில் அந்த 17.9-ஐப் பார்ப்போம், ஏனென்றால் அது பிழை.

எங்களுக்கு ஒரு பழைய கைக்கணக்கு இருக்கிறது. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பி.சி.வி. (இரத்தத்தில் செங்குழியங்கள் பிடிக்கிற இடம், சதவீதத்தில்) வரவேண்டும். 17.9-ஐ மூன்றால் பெருக்கினால் 53க்கு மேலே போகிறது, உங்கள் மாமாவுக்கு 45தான். 45-ஐ மூன்றால் வகுத்தால் 15. அவருடைய உண்மையான ஹீமோகுளோபின் அந்த 15-க்குக் கிட்டத்தான் இருக்கும், பந்தயம் வேண்டுமென்றால் பிடிக்கிறேன்.

எம்.சி.எச்.சி. என்பது செங்குழியத்துக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது என்பதற்கான அளவு. வழக்கமாக 32 முதல் 36 வரை. அதற்கு மேலே ஒரு கலத்துக்குள் அமுக்கி நிரப்ப இடமே இல்லை. பரம்பரையாக வருகிற உருண்டைக் கல நோயில் கொஞ்சம் ஏறும், குளிரில் கலங்கள் ஒட்டிக்கொள்கிற இரத்தத்திலும் மெசின் பிழையாகக் கூட்டிக் காட்டும். மற்றபடி 39.8 என்று பார்த்தால் நாங்கள் ஆளைச் சந்தேகிக்கமாட்டோம், டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்போம்.

நடப்பது இதுதான். மெசின் செங்குழியங்களை உடைத்து ஹீமோகுளோபினைக் கரைசலில் விட்டு, 540 நானோமீட்டர் அளவில் உள்ள ஒளியை அதனூடாக அனுப்பி, எவ்வளவு ஒளி குறைந்து வருகிறது என்று பார்க்கும். ஒளி குறைந்தால் ஹீமோகுளோபின் கூட என்று கணக்கு. மாமாவின் இரத்தத்தில் மிதக்கிற கொழுப்புத் துணிக்கைகள் பனிமூட்டத்தில் லைட் அடித்த மாதிரி அந்த ஒளியைச் சிதறடிக்கின்றன. வராத ஒளியை எல்லாம் மெசின் ஹீமோகுளோபின் கணக்கில் எழுதிவிடுகிறது. அவ்வளவுதான் மாமாவின் இரத்தப் பெருமை.

இதற்குச் செய்யவேண்டியது கஷ்டமான வேலை இல்லை. டியூபைச் சுழற்றி, மேலே நிற்கிற வெள்ளையை எடுத்துவிட்டு, எடுத்த அதே அளவுக்கு சேலைன் விட்டு, மெதுவாகக் கலந்து, திரும்ப ஓடவிட வேண்டும். அல்லது அந்த வெள்ளையை மட்டும் தனியே அளந்து கணக்கில் கழிக்க வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கமுன் செய்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன், திங்கட்கிழமை காலையில் எழுபது டியூப் வரிசையில் நிற்கும்போது நானும் விட்டிருக்கிறேன்.

"கலங்கள் உடைஞ்சிருக்கும்" என்று அது சொன்னதில் பாதி சரி. கொழுப்பு மிதக்கிற இரத்தத்தை டியூபில் எடுத்து வைத்தால் மற்ற இரத்தத்தைவிடக் கலங்கள் கெதியாக உடையும், இது நாங்கள் கண்ணால் பார்க்கிற விஷயம். ஆனால் உடைந்திருந்தால் மேலே நிற்கிற பால் ரோஸ் நிறத்தில், பலூடா மாதிரி இருந்திருக்கும். நீங்கள் பார்த்தது சுத்த வெள்ளை. அதோடு டியூபுக்குள் உடைவது வேறு, உடம்புக்குள் உடைவது வேறு.

இன்னொன்று. அதே டியூபில் சோடியம் பார்த்திருந்தால் அதுவும் சில மெசின்களில் பொய்யாகக் குறைந்து காட்டும். ஆகவே 12 மணி நேரம் பட்டினி இருந்து திரும்ப எடுங்கள். கொத்துரொட்டிக் கடைக்குப் போகிற பாதையை மாற்றுங்கள்.

பாலையூற்று டீச்சர்

மகளின் கேள்விக்கு நான் வருகிறேன். நல்ல கேள்வி, பாடத்திட்டத்தில் இந்த இடத்தை நாங்கள் அவசரமாகக் கடந்துவிடுகிறோம்.

சேரும். ஆனால் எல்லாக் கொழுப்பும் சேராது. இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

சவ்வில் இருக்கிற பொசுபோலிப்பிட்டுக்குத் தண்ணீரை விரும்புகிற தலை ஒன்று, வெறுக்கிற வால் இரண்டு. தலைகள் வெளியே பார்க்க, வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள இரண்டு அடுக்காக நிற்கும். கொலஸ்ட்ரோலுக்கும் சின்னதாக ஒரு தலை இருக்கிறது, அதனால் அந்த வால்களுக்கு நடுவில் அது புகுந்து நிற்கும். செங்குழியச் சவ்வில் கொலஸ்ட்ரோல் மூலக்கூறும் பொசுபோலிப்பிட்டு மூலக்கூறும் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. ட்ரைகிளிசரைட்டுக்கு அப்படி ஒரு தலை இல்லை, அடுக்கில் நிற்க அதற்கு இடம் இல்லை. புரதம் போர்த்த சின்ன உருண்டைகளுக்குள் அடைந்து இரத்தத்தில் மிதக்கும். மாமாவின் டியூபில் பாலாக நின்றது பெரும்பாலும் இந்த உருண்டைகள்தான். அது வேறு கொழுப்பு, செங்குழியத்தின் தோலில் போய் ஏறுவது வேறு கொழுப்பு. மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, கொலஸ்ட்ரோல் எப்படி ஏறுகிறது? மனிதச் செங்குழியத்துக்குக் கரு இல்லை. புதிதாகக் கொலஸ்ட்ரோல் செய்ய அதனால் முடியாது. எலும்பு மச்சையிலிருந்து வெளியே வந்தபின் 120 நாள் ஓடித் திரிகிறதே, அந்த நாள் முழுவதும் அதன் சவ்வு பக்கத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து மிதக்கிற எல்.டி.எல்., எச்.டி.எல். என்ற உருண்டைகளோடு கொலஸ்ட்ரோலைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு மாதக்கணக்கு வேண்டாம், மணிக்கணக்கில் நடக்கிற கொடுக்கல் வாங்கல். இரத்தத்தில் கூடினால் சவ்விலும் கூடும், அங்கே குறைந்தால் இங்கேயும் குறையும். தம்பி வங்கிக்காரர் என்றபடியால் விளங்கும்: செங்குழியத்துக்குச் சொந்த வருமானம் இல்லை, நடைமுறைக் கணக்கில் இருக்கிறதுதான்.

கூடினால் என்ன? 37 பாகை உடம்புச் சூட்டில் அந்த வால்கள் இளகி ஆடிக்கொண்டிருக்கும். நடுவில் கொலஸ்ட்ரோல் கூடப் புகுந்தால் ஆட்டம் குறையும், சவ்வு இறுகும். வால்களின் தன்மையைப் பார்க்க வேண்டுமென்றால், நம்மூர்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டு போய்ப் பாருங்கள், விடிய எழும்பினால் மெழுகு மாதிரி உறைந்திருக்கும். நேரான வால்கள் நெருங்கிப் படுக்கும், வளைந்த வால்கள் படுக்காது. மீன் எண்ணெய் அந்தக் குளிரிலும் ஓடுகிற காரணம் அதுதான்.

இறுகினால் ஏன் கவலை? செங்குழியம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டம். அது நுழைய வேண்டிய மயிர்த்துளைக் குழாய்கள் சில அதைவிட ஒடுக்கம். மண்ணீரலில் உள்ள கீறல்கள் ஒரு மைக்ரோமீட்டர் அகலம்கூட இராது. அதற்குள்ளால் உடையாமல் எப்படிப் போகிறது என்றால், உள்ளே இருக்கிற சரக்குக்குத் தேவையானதைவிடத் தோல் பெரிது. கலத்தின் கனவளவை ஓர் உருண்டைக்குள் அடைக்க ஏறக்குறைய 97 சதுர மைக்ரோமீட்டர் தோல் போதும், செங்குழியத்திடம் இருப்பது சுமார் 140. சாரம் கட்டின மனிசன் மாதிரி, தொளதொள என்று இருப்பதால் மடித்துக் கட்டி மதிலும் ஏறலாம். அதே ஆளுக்கு இறுக்கமான ஜீன்ஸைப் போட்டு மதில் ஏறச் சொல்லுங்கள் பார்ப்போம். சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலை மாதிரி விரிந்து கிடக்கிறது, நசுங்கிய கலம் திரும்பப் பழைய வடிவத்துக்கு வருவது அந்த வலையால்.

கொலஸ்ட்ரோல் கூடியவர்களின் செங்குழியங்கள் வளைந்து கொடுப்பது குறைகிறது, இரத்தத்தின் பிசுக்கும் கொஞ்சம் கூடுகிறது, ஸ்டேட்டின் மாத்திரையால் கொலஸ்ட்ரோலை இறக்கினால் திரும்ப நெகிழ்கிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வழக்கமான கொலஸ்ட்ரோல்காரர்களுக்கு இதனால் கலம் பட்டுப் பட்டென்று உடைந்து இரத்தச்சோகை வருவதில்லை. மாற்றம் சிறிது. அந்தச் சிறிது நாளெல்லாம் கோடிக்கணக்கான கலங்களில் நடக்கிறது என்பதுதான் விஷயம்.

ஒரு பக்கக் கதை, மகளுக்குப் பிடிக்கும். சவ்வு இரண்டு அடுக்கு என்று முதன்முதலில் சொன்னதே செங்குழியத்தை வைத்துத்தான். 1925-இல் ஒல்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டெல் என்ற இருவர் செங்குழியங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீரின் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். கலங்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. கொழுப்பை அவர்கள் முழுவதும் பிரித்தெடுக்கவில்லை, கலத்தின் மேற்பரப்பையும் குறைவாகத்தான் கணக்கிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றை ஒன்று வெட்டிச் சரியான விடை வந்துவிட்டது. பரீட்சையில் இதை முயற்சி செய்யவேண்டாம்.

சும்மா போறவன்

எங்கட அப்பாவுக்குக் கொலஸ்ட்ரோல் 300, வயது 84, இன்றைக்கும் மூதூருக்கு சைக்கிளில் போய்க் கிண்ணம் கிண்ணமாக எருமைத் தயிர் சாப்பிட்டுவிட்டு வருகிறார். இதெல்லாம் மருந்துக் கம்பனிக்காரர் கிளப்பிவிட்ட கதை. அந்தக் காலத்தில் யார் இலிப்பிட்டு அளந்தது?

இரவு டியூட்டி

சும்மா போறவன் அண்ணை, உங்கள் அப்பா நன்றாக இருக்கட்டும், அவர் சைக்கிள் மிதிக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா. வார்ட்டுக்கு வராதவர்களை மட்டும் எண்ணினால் எல்லாம் கதை மாதிரித்தான் தெரியும். நான் வந்தவர்களைப் பார்க்கிற ஆள்.

உப்புவெளிக் காற்று, எல்லோரும் சவ்வைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார்கள், நான் பயப்படுவது வேறு இடத்தில். ட்ரைகிளிசரைட் 1000-ஐத் தாண்டினால் கணையம் வீங்குகிற ஆபத்து இருக்கிறது. மேல்வயிற்றில் முதுகுக்குக் குத்திக்கொண்டு போகிற மாதிரிக் கடும் வலி, சத்தி, இப்படி ஏதும் வந்தால் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. வலி வராவிட்டாலும் இந்தக் கிழமையே டொக்டரிடம் காட்டுங்கள். ஒரு நாள் கொத்துரொட்டியால் மட்டும் 1180 வராது. கட்டுப்படாத சீனி வருத்தம் முதல் சந்தேகம், அடுத்தது சாராயம் (மாமா முன்னால் கேட்காதீர்கள், மாமியிடம் கேளுங்கள்), பிறகு தைரொய்ட், சிறுநீரகம். சீனி கூடி இருப்பதே செங்குழியத்தின் புரதங்களில் ஒட்டி அதை விறைக்கச் செய்யும், ஆகவே அவருடைய கலங்களுக்கு அடி இரண்டு பக்கத்தாலும்.

சாராயம் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. குடி, ஈரலில் கொழுப்பு, இரத்தத்தில் கொழுப்பு, மஞ்சள் காமாலை, செங்குழியம் உடைந்து சோகை, இவை ஒன்றாக வருகிற ஒரு நிலையை 1958-இல் சீவ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அதில் கலம் உண்மையாகவே உடம்புக்குள் உடைகிறது. நல்ல செய்தி, குடியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

ஈரல் மோசமாகக் கெட்டவர்களின் இரத்தப் படலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில பேருக்குச் செங்குழியம் முள்ளுப் பேத்தை மாதிரி இருக்கும், நாலாபக்கமும் ஒழுங்கில்லாமல் முள். சவ்வில் கொலஸ்ட்ரோல் அளவுக்கு மீறி ஏறி, வெளி அடுக்கு உள் அடுக்கைவிடப் பெரிதாகிவிடுவதால் வருகிறது. மண்ணீரல் அந்த முள்ளை விடாது, பிடித்துச் செதுக்கிக் கடைசியில் கலத்தையே அழித்துவிடும். பித்தக்குழாய் அடைத்த காமாலையில் வேறு கோலம், அங்கே கொலஸ்ட்ரோலும் பொசுபோலிப்பிட்டும் சேர்ந்தே ஏறுவதால் தோல் இன்னும் தொளதொளத்துக் கலம் நடுவில் பொட்டு வைத்த வட்டம் மாதிரித் தெரியும். அவை அவ்வளவாக உடைவதில்லை. ஏறுவது எது, எதோடு சேர்ந்து ஏறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முள்ளுக் கலங்களை முதன்முதலில் 1950-இல் எழுதிவைத்த நோயாளிக்கு இருந்தது நேர் எதிரான வருத்தம். இரத்தத்தில் எல்.டி.எல். கிட்டத்தட்ட இல்லவே இல்லாத ஒரு பரம்பரை நோய். கொழுப்புக் கூடினாலும் முள், இல்லாவிட்டாலும் முள்.

நுணுக்குக்காட்டி

இரவு டியூட்டி சொன்ன முள்ளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. படலம் ஆறுதலாகக் காய்ந்தாலும், இரத்தம் டியூபில் நெடுநேரம் கிடந்தாலும் கலங்களில் சின்னச் சின்னதாக ஒழுங்கான முள் வரும். அது நோய் இல்லை, எங்கள் சோம்பல். ரிப்போர்ட்டில் ஏதாவது முள் என்று எழுதியிருந்தால் உடனே ஈரல் போய்விட்டது என்று ஒப்பாரி வைக்கவேண்டாம்.

உப்புவெளிக் காற்று

எல்லோருக்கும் நன்றி. மகள் டீச்சருடைய பதிலைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள், சாரத்தின் படத்தோடு. மாமியிடம் கேட்டேன், பதில் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டா, ஆகவே பதில் கிடைத்துவிட்டது.

ஒரு சின்னக் கேள்வி. டீச்சர் மீன் எண்ணெயைச் சொன்னீர்கள். மாமா மீன்காரர் குடும்பம், தினமும் மீன் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் வராது என்கிறார். அது சவ்வுக்கு நல்லதா?

பாலையூற்று டீச்சர்

எந்த மீன், எப்படி என்பதைப் பொறுத்தது. சூடை, சாளை, கீரி மாதிரிக் கொழுப்பு மீன்களில் உள்ள ஒமேகா-3 உண்மையாகவே செங்குழியச் சவ்வுக்குள் போய் அமர்கிறது. 2004-இல் இதையே ஓர் அளவுகோலாக முன்வைத்தார்கள்: செங்குழியச் சவ்வின் கொழுப்பமிலங்களில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3-உம் சேர்ந்து 8 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் இதயத்துக்கு நல்லது, 4-க்குக் கீழே என்றால் நல்லதல்ல என்று. கொலஸ்ட்ரோல் மாதிரி இது மணிக்கணக்கில் மாறாது, பல கிழமைகளாக என்ன சாப்பிட்டீர்கள் என்பது அதில் தெரியும். அந்த வகையில் சவ்வு கிளினிக் கொப்பியைவிட நேர்மையானது. சூடையைக் குழம்பு வைத்தால் சரி. இறாலையும் கணவாயையும் மொறுமொறு என்று பொரித்து இரண்டு பிளேட் சோற்றோடு இறக்கிவிட்டு, நானும் மீன்தானே சாப்பிட்டேன் என்றால் அந்தக் கணக்கு செல்லாது. ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவதில் சோற்றுக்கும் சீனிக்கும் நல்ல பங்கு இருக்கிறது.

இரவு டியூட்டி

சும்மா போறவன் அண்ணைக்கு ஒன்று விட்டுவிட்டேன். 2003-இல் வந்த ஓர் ஆய்வு: இதயக் குழாயில் படிகிற கொழுப்புத் திட்டுக்குள் சில வேளை இரத்தம் கசியும், அப்படிக் கசிந்து அங்கேயே செத்த செங்குழியங்களின் சவ்வில் உள்ள கொலஸ்ட்ரோலும் அந்தத் திட்டைப் பெருக்கவைக்கிறது என்று காட்டினார்கள். உடம்பிலேயே கொலஸ்ட்ரோல் நிறைந்த சவ்வுகளில் அது ஒன்று. மருந்துக் கம்பனி செங்குழியத்துக்குள் போய்க் கொழுப்பை வைக்கவில்லை.

சும்மா போறவன்

சரி சரி. அப்பாவையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். வரமாட்டார், அது வேறு கதை.

உப்புவெளிக் காற்று

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். டொக்டர் சீனிக்கு மருந்தை மாற்றி, கொழுப்புக்கும் மாத்திரை தொடங்கினார். நேற்று 12 மணி நேரப் பட்டினியோடு, இரவு முழுவதும் நான் காவல் இருந்து, அதே லேப்பில் எடுத்தோம். ட்ரைகிளிசரைட் 388. இன்னும் கூடத்தான், ஆனால் டொக்டர் முகம் கொஞ்சம் இளகியது. ஹீமோகுளோபின் 14.8, பி.சி.வி. 44, எம்.சி.எச்.சி. 33.6. நுணுக்குக்காட்டி அண்ணை, பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள்.

மாமாவுக்குத்தான் பெரிய கவலை. இரத்தத்தில் மூன்று புள்ளி போய்விட்டதாம், மருந்து இரத்தத்தைக் குடித்துவிட்டதாம். நான் ஒளி, சிதறல் எல்லாம் சொல்லிப் பார்த்தேன், பழைய ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார். கடைசியில் அந்த லேப் பிள்ளைதான் டியூபைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தது. வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "போன முறை முதற்பால், இது கப்பிப்பால்" என்றார்.